வாயிலுக்கு வெளியே ஒரு வகுப்பறை

பிறைத் தொழிற்பேட்டையின் ஆலைகளைக் கண்டு வளர்ந்தோர்க்கு இரசாயனப் பொறியியல் அயலான கல்வியன்று. பழுப்புச் சர்க்கரை வெண்மை பெறுவதும் செம்பனை எண்ணெய் தெளிவதும் எவ்வளவு வெப்பம், எவ்வளவு அழுத்தம் என்னும் கணக்கினால் அமைவன. அக்கணக்கைக் கற்பிக்கச் சென்னையில் 1944இல் எழுந்தது அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி. மலாயாவில் இரப்பர்த் தோட்டங்கள் வைத்திருந்த வள்ளலின் கொடை அது. ஆதலின் பால்மரம் சீவிய நம் முன்னோரின் உழைப்பும் அதில் கலந்துள்ளது எனலாம்.

அக்கல்லூரியில் பயின்று 1967இல் தங்கப் பதக்கத்துடன் பட்டம் பெற்றவர் எம்.எஸ். ஆனந்த். அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் 1972இல் முனைவரானார். அவ்வாண்டே தாயகம் திரும்பி, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். வெப்ப இயக்கவியல் அவரது துறை. மாணவர் பலர் அஞ்சி ஒதுங்கும் பாடம் அது.

2001 முதல் 2011 வரை அக்கழகத்தின் இயக்குநராக அவர் விளங்கினார். கட்டடங்களும் ஆய்வுப் பூங்காவும் எழுந்த காலம் அது. எனினும் அவர் பெயர் நிலைக்கக் காரணம் வேறு. கடுமையான நுழைவுத் தேர்வைக் கடந்த சிலரே அவ்வாயிலுள் புக முடிந்தது. வெளியே பொறியியற் கல்லூரிகள் பெருகின; தகுதிவாய்ந்த ஆசிரியர்களோ அவ்வேகத்தில் பெருகவில்லை. இக்குறையைப் போக்க 1999இல் முன்மொழியப்பட்டு, 2003இல் இந்திய அரசின் பொருளுதவியுடன் தொடங்கியதே என்.பி.டி.இ.எல். என்னும் தேசியத் திட்டம். ஏழு தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் அதில் இணைந்தன. அம்முயற்சியை முன்னின்று நடத்தியவர்களுள் ஆனந்த் தலையாயவர். பேராசிரியர்களின் வகுப்புகள் ஒளிப்பதிவாகிக் கட்டணமின்றி எவர்க்கும் கிடைத்தன.

ஒளிப்பதிவு ஆசிரியராகுமா? மாணவனின் முகம் வாடுவதைப் படக்கருவி அறியாது. அவனது ஐயத்திற்கு நின்று விடைகூறவும் மாட்டாது. இக்குறை மெய்யே. ஆயினும் நல்லாசிரியரே வாய்க்காத கல்லூரியில் பயில்வோனுக்கு, வேண்டும்போது நிறுத்தி மீண்டும் கேட்கத்தக்க பாடம் சிறிய உதவியன்று. 2014 முதல் தேர்வும் சான்றிதழும் அதனுடன் சேர்ந்தன.

நிருவாகப் பொறுப்பில் அமர்ந்தோர் கரும்பலகையை மறப்பதுண்டு. ஆனந்தோ தம் வெப்ப இயக்கவியல் பாடத்தையே அத்திட்டத்திற்காகப் பதிவு செய்தளித்தார். அவ்வகுப்புகள் ஆங்கிலத்தில் அமைந்தவை. திட்டத்தின் பாடங்கள் பல பின்னாளில் தமிழிலும் பெயர்க்கப்பட்டன. வெப்பத்தையும் அழுத்தத்தையும் தமிழில் விளக்க முயலும் ஆசிரியர்க்கு அவை எடுத்தாளக் கிடக்கின்றன.