மோட்டார் மிதிவண்டிப் பதிவு

மோட்டார் மிதிவண்டிப் பதிவு என்பது எஞ்சினோ மின் மோட்டாரோ பொருத்திய மிதிவண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டுவதற்காக, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் பதிவு செய்து எண் பெறுவதாகும். இத்தகைய வண்டிகளில் சிலவற்றுக்குப் பதிவு கட்டாயமில்லை. எஞ்சினின் கொள்ளளவு, மோட்டாரின் திறன், உச்ச வேகம், எடை ஆகியவைதான் அதை முடிவு செய்கின்றன. வண்டியில் பெடல் இருக்கிறது என்பதால் மட்டும் அது சட்டத்தின் முன் மிதிவண்டி ஆகிவிடாது. பதிவு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழியாக நடக்கிறது. எடுத்துக்காட்டாக, சென்னை அசோக் நகர்ப் பகுதிக்கு உரியது கே.கே. நகரிலுள்ள சென்னை மேற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். அதன் பதிவுக் குறியீடு டி.என். 09.

வரலாறு

மோட்டாரும் பெடலும் சேர்ந்த வண்டிக்கு ‘மொபெட்’ என்ற பெயர் வந்ததே அவ்விரு சொற்களின் சேர்க்கையால்தான். 1960-களில் திருப்பதியில் தயாரான சுவேகா, 1972-இல் புனேயின் கைனடிக் நிறுவனம் கொண்டுவந்த லூனா, 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 ஆகியவை இவ்வகை. பால்காரர், துணி மூட்டை வியாபாரி, பள்ளி ஆசிரியர் என்று பலரின் முதல் வண்டியாக டிவிஎஸ் 50 இருந்தது. அதைப் பெடல் மிதித்துத்தான் கிளப்புவார்கள். ஆனாலும் 50 சிசி எஞ்சின் உள்ள வண்டி என்பதால் அதற்குப் பதிவு எண்ணும் ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றுப் புத்தகமும் ஓட்டுநர் உரிமமும் தேவைப்பட்டன.

எஞ்சின் வண்டிகளுக்கான வரம்பு

சட்டத்தின் 2(28)-ஆம் பிரிவு ‘மோட்டார் வாகனம்’ என்பதை வரையறுக்கிறது. நான்கு சக்கரத்துக்குக் குறைவாகவும் எஞ்சின் 25 சிசிக்கு மிகாமலும் உள்ள வண்டியை அது அந்த வரையறையிலிருந்து விலக்குகிறது. 1988-இல் இந்த வரம்பு 35 சிசியாக இருந்தது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 25 சிசியாகக் குறைத்தது. மிதிவண்டிச் சட்டகத்தில் 49 சிசி எஞ்சினைப் பொருத்தினால், அது சட்டப்படி மோட்டார் வாகனம்.

பேட்டரி வண்டிகளுக்கான வரம்பு

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2(u) விதி பேட்டரி வண்டிகளைப் பற்றியது. பின்வரும் நிபந்தனைகள் அனைத்தும் நிறைவேறினால் இருசக்கர பேட்டரி வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது:

• மோட்டார் 30 நிமிடம் தொடர்ந்து தரக்கூடிய திறன் 0.25 கிலோவாட்டுக்குக் (250 வாட்) குறைவு.
• உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவு.
• பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமை.
• தகுந்த பிரேக், முன்புறம் வெள்ளைப் பிரதிபலிப்பான், பின்புறம் சிவப்புப் பிரதிபலிப்பான்.

பெடல் மிதிக்கும்போது மோட்டார் துணைநிற்கும் மிதிவண்டிக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. வேகம் கூடக் கூட மோட்டாரின் விசை குறைந்து, 25 கிலோமீட்டரை எட்டும்போது முற்றிலும் நின்றுவிட வேண்டும். மிதிப்பதை நிறுத்தினால் அதற்கு முன்பே நிற்க வேண்டும்.

இந்த நிபந்தனைகள் நிறைவேறியுள்ளன என்று விற்பவர் வாயால் சொன்னால் போதாது. 126-ஆம் விதியில் குறிப்பிட்ட சோதனை நிறுவனம் ஒன்று சரிபார்த்துச் சான்று தந்திருக்க வேண்டும். புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரின் ஐகேட் போன்றவை அத்தகைய நிறுவனங்கள். சென்னைக்கு அருகில் ஒரகடத்தில் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. சான்று பெற்ற வண்டிக்கு ஆர்.சி., உரிமம், காப்பீடு எதையும் சட்டம் கேட்பதில்லை.

பதிவு முறை

வரம்பைத் தாண்டிய வண்டியைப் பதிவில்லாமல் ஓட்டுவதை 39-ஆம் பிரிவு தடை செய்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மாநிலத்தின் எந்தப் பதிவு அதிகாரியிடமும் விண்ணப்பிக்கலாம். படிவம் 20 விண்ணப்பம், படிவம் 21 விற்பனைச் சான்று, தயாரிப்பாளர் தரும் படிவம் 22 சாலைத்தகுதிச் சான்று, காப்பீடு, முகவரிச் சான்று ஆகியவை தேவை. புதிய வண்டிக்கு விற்பனையாளரே ‘வாகன்’ இணையத்தளம் வழியாக இவற்றை அனுப்பிவிடுகிறார். பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பேட்டரி வண்டிக்கு ஆர்.சி. கட்டணம் கிடையாது, 2021 ஆகஸ்டில் மத்திய அரசு அதை நீக்கியது. தனியார் பேட்டரி வண்டியின் எண் பலகை பச்சை நிறம், எழுத்து வெள்ளை.

பட்டறையில் மோட்டார் பொருத்திய வண்டி

பழைய மிதிவண்டியில் எஞ்சின் அல்லது மோட்டார் தொகுப்பை (கிட்) வாங்கிப் பொருத்தியவர்கள் பதிவு பெறுவதில்தான் தடுமாறுகிறார்கள். பதிவுமுறை முழுவதும் தயாரிப்பாளரை மையமாக வைத்து அமைந்தது. ஒவ்வொரு மாடலின் முன்மாதிரியையும் அவர் சோதனைக்கு அனுப்ப வேண்டும். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் அல்லது மோட்டார் எண்ணையும் பொறிக்க வேண்டும். படிவம் 22-இல் கையொப்பமிட வேண்டும். தெருமுனைப் பட்டறையால் இவற்றைத் தர முடியாது. ஆகவே 25 சிசிக்கு மேற்பட்ட எஞ்சினையோ 250 வாட்டை எட்டும் மோட்டாரையோ தாமாகப் பொருத்தியவரின் வண்டிக்குப் பதிவு கட்டாயம். ஆனால் பதிவு பெறும் வழி நடைமுறையில் அடைபட்டிருக்கிறது. குறைந்த வேகச் சான்று பெற்ற வண்டியின் வேகப் பூட்டை நீக்கினாலும் இதே நிலைதான். சான்று எந்த நிலைக்குத் தரப்பட்டதோ அந்த நிலையில் வண்டி இப்போது இல்லை.

தண்டனையும் காப்பீடும்

பதிவில்லாத மோட்டார் வாகனத்தை ஓட்டினால் 192-ஆம் பிரிவின்படி முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் ஓராண்டு வரை சிறையோ, 5,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். காப்பீடும் உரிமமும் இல்லாததற்குத் தனித்தனித் தண்டனை உண்டு. வயது நிரம்பாத பிள்ளையின் கையில் மோட்டார் வாகனத்தைக் கொடுக்கும் பெற்றோருக்கு 199அ பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது.

அபராதத்தைவிடப் பெரிய இழப்பு விபத்து நேரும்போது தெரியும். பதிவான வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதால், அடிபட்டவர் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து இழப்பீடு கோரலாம். பதிவும் காப்பீடும் இல்லாத வண்டி மோதினால், தொகை முழுவதையும் ஓட்டியவரும் உரிமையாளருமே தம் கையிலிருந்து தர வேண்டும். அவர்களிடம் பணம் இல்லையென்றால் அடிபட்ட குடும்பம்தான் தவிக்கும். சென்னையின் ஜவஹர்லால் நேரு சாலை என்னும் நூறடிச் சாலையில் பேருந்தும் லாரியும் விரையும் இடத்தில் இது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

பிற நாடுகளில்

ஐரோப்பிய ஒன்றியத்திலும் பெடல் உதவி மிதிவண்டிக்கு 250 வாட், 25 கிலோமீட்டர் என்பதே வரம்பு. 45 கிலோமீட்டர் வரை செல்லும் வகைக்கு ஜெர்மனியில் காப்பீட்டு எண் பலகை தேவை. அமெரிக்காவின் 2002-ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் 750 வாட், மணிக்கு 20 மைல் வரை மிதிவண்டியாக ஏற்கிறது. எனவே அமெரிக்காவில் மிதிவண்டியாக ஏற்கப்படும் 500 வாட் வண்டி, இந்தியச் சாலையில் மோட்டார் வாகனமாகிவிடும்.

வாங்குவோர் கவனத்துக்கு

வண்டி வாங்கும் முன் சோதனை நிறுவனத்தின் சான்று நகலைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள மாடல் பெயரும் மோட்டார் திறனும் வண்டியில் எழுதியிருப்பதோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். சான்றைக் காட்ட மறுக்கும் கடையில் வண்டி வாங்காதீர்கள். பதிவு தேவைப்படும் வண்டியென்றால், எண் பலகை பொருத்திய பிறகே சாலையில் இறக்குங்கள்.