முதுசமும் மகளிரும்: றொத்சைல்ட் குடும்பத்தின் மரணசாசனம்

ஐந்து அம்புகளை இறுகப் பற்றிய கை றொத்சைல்ட் குடும்பத்தின் சின்னமாகும். ஒஸ்திரியப் பேரரசர் 1822ஆம் ஆண்டில் அக்குடும்பத்தினருக்குப் பிரபுப் பட்டம் வழங்கியபோது அமைந்த இச்சின்னத்தில், அம்புகள் பிராங்போட், வியன்னா, இலண்டன், நேப்பிள்ஸ், பாரிஸ் ஆகிய ஐந்து நகரங்களில் வங்கித் தொழில் நடத்திய சகோதரர் ஐவரைக் குறித்தன. சகோதர ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாக வரலாற்று நூல்கள் இதனைக் காட்டுவது வழக்கம். அந்த ஐவருக்கும் உடன்பிறந்த பெண்களும் ஐவர் இருந்தனர் என்பதைச் சின்னம் தெரிவிப்பதில்லை.

தந்தையான மேயர் அம்ஷெல் றொத்சைல்ட் பிராங்போட்டின் யூதர் தெருவிலிருந்து தொழிலை வளர்த்தவர். 1812 செப்ரெம்பரில், இறப்பதற்கு இரண்டு நாட்கள் முன்னர், அவர் தம் மரணசாசனத்தை எழுதினார். தொழிலில் தமக்கிருந்த பங்கை அவர் 190,000 கில்டருக்கு ஆண்மக்களிடமே விற்றுவிட்டார். அப்பணம் மனைவிக்கும் மகள்மாருக்கும் உரியதாயிற்று. மகள்மாரோ மருமக்களோ அவர்தம் வழித்தோன்றல்களோ தொழிலில் பங்கு கோரலாகாது. கணக்கேடுகளைப் பார்வையிடவும் கூடாது. இவ்வேற்பாட்டை எதிர்க்கும் பிள்ளைக்குச் சட்டம் கட்டாயமாக்கும் குறைந்த பங்கே கிடைக்கும். கணக்கேட்டைக் காணாத ஒருவர் தமக்குக் கிடைத்தது நியாயமான பங்குதானா என்று எங்ஙனம் அறிவார்? சகோதரரிடையே பூசல் எழாதிருக்கத் தந்தை கண்ட வழி, கேள்வி கேட்கக்கூடிய ஏனையோரை வாயிலுக்கு வெளியே நிறுத்துவதாகவே இருந்தது.

இதன் விளைவு திருமணங்களில் வெளிப்பட்டது. 1824இல் ஜேம்ஸ் தம் தமையன் சாலமனின் மகள் பெற்றியை மணந்தார். 1826இல் சாலமனின் மகன் நாதனின் மகளை மணந்தார். 1824 முதல் 1877 வரை இக்குடும்பத்தில் நிகழ்ந்த 21 திருமணங்களுள் 15 மேயர் அம்ஷெலின் வழித்தோன்றல்களுக்கிடையே நடந்தவை. சொத்து வெளியே போகாதிருக்க மாமன் மகளைப் பேசும் நம்மவருக்குங்கூட இது திகைப்பூட்டும். தமையன் மகள் நமக்குப் பெறாமகள் அல்லவா! ஆனால் இங்கு தொழில் ஆண்வழியிலேயே சென்றமையால், இரு பங்குகளை ஒரு வீட்டில் இணைக்கச் சகோதரரின் மக்களையே மணமுடிக்க வேண்டியதாயிற்று. 1836இல் நாதனின் மகன் லயனலுக்குக் கார்லின் மகளைப் பிராங்போட்டில் மணமுடித்தபோது, அங்கு கூடிய சகோதரர்கள் புதிய பங்குடன்படிக்கை பற்றியும் பேசினர். அடுத்த மாதமே நாதன் அங்கு இறந்தார்.

மூன்று ஆண்டுகளின் பின் நாதனின் மகள் ஹன்னா மேயர், ஹென்றி பிற்ஸ்றோய் என்னும் கிறிஸ்தவரை மணந்தார். உடன்பிறந்தாருள் நதானியேல் ஒருவரே அவர் பக்கம் நின்றார். பாரிசிலிருந்த சிறிய தந்தை ஜேம்ஸ், அப்பெண்ணைக் குடும்பத்தவள் அல்லள் எனக் கருதி விலக்கவேண்டுமென வற்புறுத்தினார். சமயம் மாறியமை பெருங் காரணமே, அதனை மறுப்பதற்கில்லை. எனினும், ஏனைய பெண்களும் விரும்பியவரை மணக்கத் துணிவர் என்ற அச்சமும் அவரிடம் இருந்தது. பெண்களின் கீழ்ப்படிவிலேயே மரணசாசனம் தங்கியிருந்ததை அவர் நன்கறிந்திருந்தார் என்றே கருதத் தோன்றுகிறது.

எந்த ஆண்வழியைக் காக்க இத்தனையும் செய்யப்பட்டதோ, அது மூலநகரிலேயே அற்றுப்போயிற்று. பிராங்போட்டிலிருந்த அம்ஷெல் 1855இல் பிள்ளையின்றி இறக்க, கார்லின் புதல்வர் இருவர் பொறுப்பேற்றனர். மூத்தவரான மேயர் கார்லுக்கு ஏழு பெண்கள். இளையவரான வில்ஹெல்ம் கார்லுக்கு மூன்று பெண்கள். ஆண் வாரிசு எவருமில்லை. மூத்தவர் 1886இலும் இளையவர் 1901இலும் மறைந்தனர். இளையவரின் மருமகன் மக்ஸ் கோல்ட்ஷ்மிட் வங்கித் தொழிற் குடும்பத்தில் வந்தவர். றொத்சைல்ட் பெயரையும் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். ஆயினும் பிராங்போட் நிலையம் அவர் கைக்குச் செல்லவில்லை. பிறநகரங்களின் உறவினரும் அதனை நடத்த முன்வரவில்லை. 1901இல் அது மூடப்பட்டது. அதன் வணிகத்தைப் பெர்லினைச் சேர்ந்த டிஸ்கொன்ரோ வங்கி ஏற்றுக்கொண்டது.