முகவரிக்குள் முகவரி: ரெயில்ஸ் வழித்தடங்களின் வரலாறு

இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் முகவரியிலுள்ள சாய்கோடு பெரும்பாலும் சர்வரிலிருந்த கோப்புறைகளையே சுட்டியது; யுனிக்ஸ் மரபிலிருந்து வந்த அந்தக் கோட்டுக்கு, இடப்புறத்தில் இருப்பதற்குள் வலப்புறத்தில் இருப்பது அடங்கும் என்பதே பொருள். 2004-இல் டேவிட் ஹைனமையர் ஹான்சன் ரூபி நிரல்மொழியில் உருவாக்கி வெளியிட்ட, வலைச்செயலிகளை எழுத உதவும் நிரற்சட்டகமான ரெயில்ஸ் இப்பொருளை ஏறத்தாழக் கைவிட்டது. அதன் இயல்பான வழித்தடத்தில், அதாவது முகவரியை உரிய நிரலோடு இணைக்கும் விதியில், முகவரியின் முதற்பகுதி கன்ட்ரோலரையும், அதாவது கோரிக்கையை ஏற்று உரிய தரவைத் திரட்டி விடையனுப்பும் நிரற்பகுதியையும், அடுத்த பகுதி அது செய்யவேண்டிய செயலையும், இறுதிப்பகுதி பதிவின் எண்ணையும் குறித்தன.

ராய் ஃபீல்டிங் 2000-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் அளித்த முனைவர்பட்ட ஆய்வேட்டில் 'ரெஸ்ட்' என்று பெயரிட்டு விளக்கிய கட்டமைப்பு முறை, முகவரி செயலைச் சுட்டாமல் 'வளம்' எனப்படும் பொருளையே சுட்டவேண்டும் என்ற நோக்கு ரெயில்ஸில் வேரூன்ற வழிவகுத்தது. 2007 ஜனவரியில் வெளிவந்த ரெயில்ஸ் 1.2, வளத்தின் பெயரை ஒரே வரியில் அறிவித்தால் பட்டியலிடுதல் முதல் நீக்குதல் வரையான ஏழு செயல்களுக்கும் வழித்தடங்களை அமைத்துத் தந்ததோடு, ஒரு வளத்துக்குள் மற்றொன்றை அடுக்கவும் இடமளித்தது. 'நூல்கள்/5/இயல்கள்/12' போன்ற முகவரியில் சாய்கோடு தன் பழைய பொருளை மீண்டும் பெற்றது.

இவ்வாறு அடுக்குவதன் சுமை கன்ட்ரோலர் மீதே விழுந்தது. இயலின் எண் தரவுத்தள அட்டவணை முழுவதிலும் தனித்துவமானது என்பதால், நூலைக் கருதாமலே 12 என்ற எண்ணுள்ள இயலை எடுத்துவிட முடியும். ஆனால் அவ்வாறு எடுக்கும் நிரலில், ஒருவர் தமக்கு உரிமையுள்ள நூலின் எண்ணோடு பிறர் நூலின் இயல் எண்ணைச் சேர்த்து அனுப்பினால், உரிமைச் சோதனை நூலளவில் வெற்றிபெற, பிறருடைய இயல் அவர் கைக்குப் போய்விடும். ஆகவே முதலில் பயனருக்குரிய நூல்களிலிருந்து அந்த நூலையும், பிறகு அந்நூலின் இயல்களுக்குள் மட்டுமே அந்த இயலையும் தேடுவது நல்ல வழக்கமாயிற்று. அடுக்கு முகவரியின் உண்மையான பயன், அதன் அழகைக் காட்டிலும், இந்தத் தேடல் வரிசையை நினைவூட்டியதில்தான் இருந்தது எனலாம்.

அழகில் மயங்கியோர் நான்கைந்து அடுக்குகள் வரை சென்றதால் முகவரிகளும் அவற்றை ஆக்கும் துணைச்செயல்களின் பெயர்களும் கட்டுக்கடங்காமல் நீண்டன. ரெயில்ஸ் மைய அணியைச் சேர்ந்த ஜேமிஸ் பக், ஓரடுக்குக்கு மேல் செல்லலாகாது என்று 2007-இல் எழுதிய நெறி, பின்னர் ரெயில்ஸின் வழிகாட்டி ஆவணத்திலும் இடம்பெற்றது. 2008-இல் வந்த 2.2 பதிப்பின் 'ஷாலோ' அமைப்பு, பட்டியலுக்கும் புதிதாகச் சேர்ப்பதற்கும் மட்டும் தாய்வளத்தை முகவரியில் வைத்து, தனக்கென எண் பெற்ற பதிவை நேரடியாகச் சுட்டியது. அங்கே முகவரியில் நூலின் எண் இல்லாததால், கன்ட்ரோலர் இயலிலிருந்தே நூலைக் கண்டறிந்து உரிமையைச் சோதிக்க நேர்ந்தது. ஒரே வளத்தைப் பல தாய்வளங்களுக்குள் அடுக்கும்போது எழுதிய வரிகளையே திரும்ப எழுதும் வேலையை 2013-இல் வந்த 4.0 பதிப்பின் 'கன்சர்ன்' வசதி குறைத்தாலும், வந்த கோரிக்கையில் தாய் எது என்று தீர்மானிக்கும் பணி கன்ட்ரோலரிடமே எஞ்சியது.