தாய்வழி முதுசம்

வாழைச்சேனையிலிருந்து வடக்கே வாகரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்த சிற்றூர் பனிச்சங்கேணி. இதன் சுற்றுப்புறத்தில் வாழ்வோருள் கரையோர வேடர் மரபினரும் உளர். 1911ஆம் ஆண்டில் செலிக்மன் தம்பதியர் வேடர்களைப் பற்றி வெளியிட்ட பெருநூலில் கிழக்குக் கரையோர வேடர்களுக்கும் இடம் கிடைத்தது. இங்கிருந்து தெற்கே மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள ஊர்களை நோக்கிச் சென்றால், பிற தமிழ்ப் பகுதிகளில் அரிதாகிவிட்ட ஒரு வழக்கைக் காணலாம். அதுவே குடிவழி. பிள்ளை தாயின் குடியைச் சேரும். தந்தையின் குடியைச் சேராது. ஒரே குடியினர் தமக்குள் மணஞ் செய்வதில்லை. கோயில் திருவிழாவின் உரிமையும் வரிசையும் குடி பார்த்தே வழங்கப்படும்.

முன்னாளில் சொத்துரிமையும் இவ்வழியே சென்றது. 1876இல் கிறித்தோபர் பிறிற்றோ எழுதிய முக்குவர் சட்டம் பற்றிய நூல் இதனை விளக்குகின்றது. முதுசத்தை ஆண்மகன் ஆளலாம்; ஆயினும் அவனுக்குப் பின் அது அவன் பிள்ளைகளுக்குச் செல்லாது; சகோதரியின் பிள்ளைகளையே சேரும். அச்சட்டம் வழக்கொழிந்துவிட்டது. எனினும், இதனை ஒத்ததொரு மரபுரிமை மனித உடலில் இன்றும் நடைபெறுகின்றது. அதன் வரலாறும், அம்முதுசம் பழுதுபட்டால் விளையும் கேடும் அறியத்தக்கவை.

உடலின் பெரும்பாலான வகைக் கலங்களினுள்ளும் நுண்ணிய உறுப்புகள் பல உள்ளன. அவற்றுள் ஒருவகை இழைமணி எனப்படும். உண்ட உணவையும் சுவாசித்த ஒட்சிசனையும் கொண்டு உடலுக்கு வேண்டிய சக்தியை ஆக்கித் தருவது இதுவே. 1890இல் ஜெர்மானியரான அல்ற்மன் இவற்றைக் கண்டு, இவை பற்றீரியாவைப் போன்ற தனி உயிர்களாய் இருக்கலாம் எனக் கருதினார். 1898இல் பெண்டா என்பவர் இவற்றுக்கு இன்று உலகம் வழங்கும் பெயரை இட்டார். அல்ற்மனின் கருத்தை அக்காலத்தார் ஏற்கவில்லை. ஆனால் 1963இல் மார்கிற் நாஸ், சில்வன் நாஸ் என்னும் இருவர், கோழிக்குஞ்சின் முளையத்திலுள்ள இழைமணிகளினுள்ளே டீ.என்.ஏ. இழைகளைக் கண்டனர். பழங்காலத்துப் பற்றீரியா ஒன்று வேறொரு கலத்தினுட் புகுந்து, அங்கேயே குடியிருந்து, இழைமணியாயிற்று என 1967இல் லின் மார்குலிஸ் வாதித்தார். இன்று அறிஞர் இதனை ஏற்கின்றனர்.

1981இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் இவ்விழைமணி டீ.என்.ஏ.யின் எழுத்துகள் அனைத்தையும் படித்து முடித்தனர். 16,569 எழுத்துகளும் 37 பரம்பரையலகுகளும் கொண்ட சிறு வளையம் அது. தந்தையின் விந்தணுவிலும் இழைமணிகள் உண்டு. கருவுற்ற பின் அவை அழிந்து போகின்றன. தாயின் முட்டையில் இருந்தவையே பிள்ளைக்குக் கிடைக்கின்றன. மகனும் அவற்றைப் பெறுவான். ஆனால் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கமாட்டான். மகளே கொடுப்பாள். முக்குவர் முதுசம் சென்ற வழியும் இதுவன்றோ!

சக்தி ஆக்கப்படும் இடத்திலேயே இவ்வளையம் இருப்பதால், அவ்வேலையிற் பிறக்கும் ஒட்சிசனின் கொடிய துணைப்பொருள்கள் இதனைத் தாக்குகின்றன. கருவிலுள்ள டீ.என்.ஏ.க்கு இருப்பது போன்ற புரத உறை இதற்கில்லை. பழுது பார்க்கும் ஏற்பாடும் குறைவு. ஒரு கலத்தில் இவ்வளையத்தின் பிரதிகள் பல நூறு, சில வேளை பல்லாயிரம் உண்டு. சில பிரதிகள் மட்டும் கெட்டால் ஏனையவை ஈடுசெய்யும். கெட்டவை ஓர் எல்லையைத் தாண்டினால், மிகுந்த சக்தியைச் செலவிடும் மூளை, இதயம், தசை, கண், செவி ஆகியவை தளரும். மூப்பினால் இப்பழுதுகள் கூடுகின்றன. மூப்புக்கு அவை எவ்வளவு காரணம் என்பதில் அறிஞர் ஒருமித்தாரில்லை.

இழைமணி கெட்டு நோய் வரும் என்பதை 1962இல் சுவீடனில் லுஃப்ற் என்னும் மருத்துவர் ஒரு பெண்ணின் நிலையை ஆராய்ந்து காட்டினார். 1871இல் லேபர் விவரித்த ஒரு கண்நோய், இளைஞரின் பார்வையைச் சில வாரங்களிலோ மாதங்களிலோ பறிப்பது. அதன் காரணம் தாய்வழி வந்த ஓரெழுத்துப் பிழை என்பதை 1988இல் வாலஸ் குழுவினர் கண்டனர். அதே ஆண்டில் இலண்டனில் ஹோல்ற், ஹார்டிங், மோர்கன் ஹியூஸ் ஆகிய மூவரும் தசைநோயாளர் சிலரிடம் இவ்வளையத்தின் துண்டுகளே விடுபட்டிருப்பதை வெளியிட்டனர்.

தமிழர்க்கு மிக அண்மையில் நிற்கும் செய்தி செவியைப் பற்றியது. 1943இல் அமெரிக்காவில் ஷாற்ஸ், வாக்ஸ்மன் ஆகியோரின் ஆய்வுகூடத்திற் பிறந்த ஸ்ரெப்டோமைசின், காசநோய்க்கு முதன் மருந்தாயிற்று. 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு நிலையம், வாரம் இருமுறை இம்மருந்தை ஊசியாக ஏற்றும் முறையைச் சோதித்து உலகிற்கு அளித்தது. உயிர்கள் பல பிழைத்தன. ஆயினும் இம்மருந்து சிலருடைய செவியைக் கெடுத்தது. பேரளவிற் கொடுத்தால் எவர்க்கும் அவ்வாறு நேரலாம். சில குடும்பங்களிலோ வழக்கமான அளவே போதுமானதாயிற்று. அக்கேடு தாய்வழியே தொடர்ந்தது. இழைமணி வளையத்தின் 1555ஆம் இடத்தில் ஓரெழுத்து மாறியிருப்பதே காரணம் என்பது 1993இல் வெளியாயிற்று. இம்மருந்து பற்றீரியாவின் புரத ஆலையைப் பற்றிக்கொண்டு அதனைக் கொல்வது. இழைமணியின் ஆலையோ பழைய பற்றீரியாவின் வழி வந்தது. ஓரெழுத்து மாறியதும் அந்த உறவு மேலும் நெருங்குகின்றது. மருந்து பகையென எண்ணித் தன் வீட்டையே தாக்குகின்றது.

ஜென்டமைசின் முதலிய அம்மருந்தினத்தார் இன்றும் பிறந்த குழந்தைகளின் நோய்த்தொற்றுக்குப் பயன்படுகின்றனர். குழந்தையின் கன்னத்து உட்புறத்தைத் துடைத்தெடுத்து, 26 நிமிடங்களில் இப்பிழையைக் கண்டறியும் சோதனையைப் பிரித்தானிய மருத்துவர் 2022இல் வெளியிட்டனர். அக்கருவி இல்லாத ஊரிலும் ஒரு கேள்வி கேட்கலாம்: ‘தாயின் பக்கத்தில், ஊசி போட்ட பின் காது மந்தமானவர் உண்டா?’ குடியையும் தாய்வழி உறவையும் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருக்கும் ஊர்களுக்கு அதற்கு விடை சொல்வது அரிதன்று. உண்டு என்றால் மருத்துவர் வேறு மருந்தைத் தெரிந்துகொள்வர்.

அக்கேள்வி பழி சுமத்தும் கேள்வியாக மாறாதிருத்தல் வேண்டும். இப்பிழையுடையோர் நலமாகவே வாழ்வர். உரிய மருந்து தவிர்க்கப்பட்டால் பலர்க்குச் செவிக்கேடு வருவதே இல்லை. இழைமணியின் வேலைக்கு வேண்டிய பரம்பரையலகுகளிற் பெரும்பகுதி கலத்தின் கருவிலே உள்ளது. அதற்குத் தந்தையும் பங்காளி. தாய் தான் பெற்றதையே கொடுத்தாள். பழுதை அவள் தெரிந்து சேர்த்தாளில்லை. அந்தக் குடியிற் பெண்ணெடுக்கலாகாது என்று யாரேனும் சொன்னால் அறிவு அங்கே தவறிவிடும். எந்த ஊசியைத் தவிர்ப்பது என்று கேட்டால் அது பயன்படும். குடியை நினைவிற் காத்த பாட்டிமார் வைத்த முதுசம் இவ்வாறு ஒரு குழந்தையின் செவியைக் காக்கும்.