மங்கு சிகிச்சையின் வரலாறு: தோலுரிப்பும் களிம்பும்

கன்னம், நெற்றி, மேலுதடு ஆகிய இடங்களில் தோன்றும் பழுப்புநிறத் திட்டுகள் மங்கு எனப்படும். மெலனின் என்னும் நிறமி அங்கே மிகுதியாகச் சேர்வதே இதற்குக் காரணம். வெயில், கருவுறுதல், கருத்தடை மாத்திரை ஆகியவை இதைத் தூண்டும். இதற்கான மருந்துகளின் வரலாறு, ஒரே பொருள் அளவறிந்தால் மருந்தாகவும் அளவு மீறினால் கேடாகவும் ஆவதைக் காட்டுகிறது.

தோலுரிப்பு

அமிலம் தடவி மேல்தோலை உரித்துப் புதுத்தோல் வளரச் செய்வது இம்முறை. 1882இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா, சாலிசிலிக் அமிலம், ரெசார்சினால், பீனால், டிரைகுளோரோ அசெட்டிக் அமிலம் ஆகியவை தோலில் செயல்படும் விதத்தை விளக்கினார். ஆனால் ஆழமாக உரித்தால், மாநிறத் தோலிலும் கருநிறத் தோலிலும் புண் ஆறும்போது மேலும் கருமை படியக்கூடும். 1970களில் அமெரிக்காவில் வான் ஸ்காட், யூ ஆகியோர் பழ அமிலங்களை ஆராய்ந்தனர். பின்னர் கிளைக்காலிக் அமிலத்தால் மேலோட்டமாக, பல தவணைகளில் உரிக்கும் முறை பரவியது.

களிம்பு

1939இல் அமெரிக்கத் தோல் பதனிடும் ஆலை ஒன்றில், ரப்பர் கையுறை அணிந்த தொழிலாளர்களின் கைகள் திட்டுத்திட்டாக வெளுத்தன. ரப்பரில் சேர்த்த மோனோபென்சோன் என்னும் வேதிப்பொருளே காரணம் எனத் தெரிந்தது. அதனுடன் தொடர்புடைய ஹைட்ரோகுவினோன், மெலனின் உருவாக உதவும் டைரோசினேஸ் நொதியைத் தடுக்கிறது. இது பின்னர் வெளுப்புக் களிம்புகளில் சேர்க்கப்பட்டது.

1975ஆம் ஆண்டு இதன் இரு முகங்களையும் காட்டியது. அமெரிக்காவில் கிளிக்மன், வில்லிஸ் ஆகியோர் 5% ஹைட்ரோகுவினோன், 0.1% டிரெட்டினாயின், 0.1% டெக்சாமெத்தசோன் கலந்த களிம்பை வெளியிட்டனர். இன்றைய மும்மருந்துக் களிம்புகளின் மூலம் இதுவே. அதே ஆண்டு தென்னாப்பிரிக்க மருத்துவர் ஃபிண்ட்லேயும் உடன் பணியாற்றியோரும், இக்களிம்புகளை நெடுநாள் பூசிய கறுப்பினப் பெண்களின் முகத்தில் நீலங்கலந்த கருமை படிவதைப் பதிவு செய்தனர். ஓக்ரோனோசிஸ் எனப்படும் அது எளிதில் நீங்குவதில்லை.

நிறத்தை வைத்து மனிதரின் உரிமையை அளந்த நாட்டில், கடைகளில் தாராளமாக விற்ற களிம்பு அது. நிறத்தை மாற்ற விரும்பியவர்களின் முகமே மேலும் கருத்தது. மருத்துவர்களும் இனவெறி எதிர்ப்பாளர்களும் குரல் எழுப்பினர். 1990இல் வெளியிட்ட விதிகளின் மூலம் தென்னாப்பிரிக்கா அழகுப் பொருள்களில் ஹைட்ரோகுவினோனைத் தடை செய்தது.

இன்றைய நிலை

ஹைட்ரோகுவினோன் மருத்துவர் கண்காணிப்பில், சில மாதங்களுக்கு மட்டும் தரப்படுகிறது. மும்மருந்துக் களிம்பிலுள்ள ஸ்டீராய்டு, நெடுநாள் பூசினால் தோலை மெலியச் செய்யும். எந்த முறையைப் பின்பற்றினாலும் வெயில் காப்புக் களிம்பு இல்லாவிட்டால் மங்கு திரும்பி வரும்.