செரோக்கி மக்கள்

செரோக்கி மக்கள் வட அமெரிக்காவின் தென்கிழக்கில், அப்பலாச்சிய மலைத்தொடரின் தென்பகுதியைத் தாயகமாகக் கொண்ட பழங்குடியினர். இன்றைய வட கரோலினாவின் மேற்கு, டென்னசியின் கிழக்கு, ஜார்ஜியாவின் வடக்கு, இவற்றை ஒட்டிய தென் கரோலினா, அலபாமா மலைப்புறங்கள் ஆகியவை அவர்களது பழைய நிலம். அவர்களது மொழி இரோகுவா மொழிக்குடும்பத்தின் தென்கிளை. இன்று அவர்களுள் பெரும்பாலோர் அங்கிருந்து வெகுதொலைவில் உள்ள ஓக்லஹோமாவில் வாழ்கிறார்கள். அதற்குக் காரணமான 1838ஆம் ஆண்டின் வெளியேற்றத்தோடு அவர்கள் கதையைத் தொடங்கி, அதோடேயே முடித்துவிடுவோர் பலர். ஆனால் பறிபோன நிலம் அதற்குமுன் யார் பொறுப்பில் இருந்தது என்று அறியாமல் அந்த இழப்பின் அளவு விளங்காது. அந்த நிலத்தில் உழைத்தவர்களும் அதன் விளைச்சலுக்கு உரியவர்களும் பெண்கள்.

ஊரும் குலமும்

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செரோக்கிகளுக்கு ஒற்றை அரசு கிடையாது. ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் ஏறத்தாழ 60 ஊர்கள் தனித்தனியே தம்மை ஆண்டுகொண்டன. டக்கசீஜி ஆற்றங்கரையில் இருந்த கிடுவா அவற்றுக்கெல்லாம் தாய் ஊராகக் கருதப்பட்டது. ஊர் நடுவே மன்றம் இருக்கும். உள்ளே புனித நெருப்பு எரியும். அதைச் சுற்றி ஒவ்வொரு குலமும் தனக்குரிய இடத்தில் அமரும். அமைதிக் காலத்துக்கு ஒரு தலைவர், போர்க்காலத்துக்கு ஒரு தலைவர். இருவரும் கட்டளையிட முடியாது. கருத்து ஒன்றுபடும்வரை பேச்சு நீளும், உடன்படாதவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

குலங்கள் ஏழு: ஓநாய், மான், பறவை, வண்ணம், நீள்முடி, நீலம், காட்டுக்கிழங்கு. குழந்தை தாயின் குலத்தைச் சேரும். பெற்ற தகப்பன் வேறு குலத்தவன் என்பதால், பிள்ளையைக் கண்டித்து வளர்ப்பதும் வேட்டை பழக்குவதும் தாய்மாமனின் பொறுப்பு. ஒரே குலத்துக்குள் மணம் செய்யக் கூடாது. மணமான ஆண் மனைவி வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். உறவு முறிந்தால் தன் உடைமைகளை எடுத்துக்கொண்டு தாய் வீட்டுக்குத் திரும்பிவிடுவான். வீடும் பிள்ளைகளும் பெண்ணிடமே இருக்கும். கொலைக்கு நியாயம் கேட்பதும் குலத்தின் கடமையாக இருந்தது. குலம் இல்லாதவருக்குப் பாதுகாப்பே இல்லை. அதனால், பிடிபட்ட அயலார் ஒருவரைக் குலம் தத்தெடுத்துக்கொண்டால் அவர் முழுமையான செரோக்கி ஆகிவிடுவார்.

மன்றத்தில் பெண்களின் குரலுக்கு மதிப்பு இருந்தது. அட்டகுல்லகுல்லா என்ற தலைவர் 1730இல் லண்டன் சென்று வந்தவர். சார்லஸ்டன் நகரில் ஆங்கிலேயரோடு பேச உட்கார்ந்தபோது, உங்கள் தரப்பில் பெண்கள் ஏன் இல்லை, நீங்களும் பெண் வயிற்றில் பிறந்தவர்கள்தானே என்று அவர் கேட்டது பதிவாகியுள்ளது. அவருடைய சகோதரி மகள் நன்யேஹி, ஆங்கிலத்தில் நான்சி வார்டு. 1755இல் டாலிவாவில் கிரீக் இனத்தவரோடு நடந்த போரில் கணவர் வீழ்ந்ததும் அவரது துப்பாக்கியை ஏந்தி இவர் போரிட்டதாகச் சொல்வார்கள். அதன்பின் 'அன்புக்குரிய பெண்' என்ற பதவி இவருக்குக் கிடைத்தது. கைதிகளின் உயிரைக் காக்கும் உரிமை அந்தப் பதவிக்கு உண்டு. 1776இல் கொல்லப்பட இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை இவர் அப்படித்தான் காப்பாற்றினார்.

சோளமும் ஆறும்

மக்காச்சோளம் பிறந்த கதை செலு என்ற தாயைப் பற்றியது. அவள் உடலிலிருந்தே உணவு பிறப்பதைக் கண்ட பிள்ளைகள், அவளைச் சூனியக்காரி என்று எண்ணிக் கொன்றார்கள்; அவள் இரத்தம் சிந்திய இடமெல்லாம் சோளம் முளைத்தது. அவள் கணவன் கனாட்டி, வேட்டைக்கு அதிபதி. பெண்கள் உழவும் ஆண்கள் வேட்டையுமாகப் பிரிந்திருந்த வாழ்க்கையே இக்கதையில் வடிவம் பெற்றிருக்கிறது. சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே நிலத்தில் சேர்த்து நட்டார்கள். சோளத்தண்டில் அவரை படரும். அவரையின் வேர் மண்ணுக்கு உரமூட்டும். பூசணி இலை தரையை மூடிக் களையை அடக்கும். புதுச் சோளம் முற்றும் காலத்தில் பச்சைச் சோளத் திருவிழா வரும். பழைய நெருப்பை அணைத்துப் புது நெருப்பு மூட்டுவார்கள். கொலை நீங்கலான குற்றங்கள் அன்றோடு மன்னிக்கப்படும்.

ஆற்றை ஓர் உயிருள்ள ஆளாகவே அவர்கள் கருதினார்கள்: தலை மலையில், கால் சமவெளியில். விடியற்காலையில் கிழக்கு நோக்கி ஆற்றில் மூழ்குவது நோய்க்கும் துக்கத்துக்கும் போருக்கும் பந்தாட்டத்துக்கும் முன்பின்னாகச் செய்யும் சடங்கு.

இவர்களின் மருத்துவக் கதை தனியே சொல்லத் தக்கது. மனிதர்கள் அளவின்றி வேட்டையாடியதால் விலங்குகள் கூடிப் பேசி ஒவ்வொன்றும் ஒரு நோயை உண்டாக்கின. மன்னிப்புக் கேட்காமல் மானைக் கொல்பவனை, மான்களின் தலைவனான 'சின்ன மான்' இரத்தத் தடம் பிடித்து வந்து மூட்டுவாதத்தால் முடக்கிவிடும். செய்தி கேட்ட செடிகொடிகள் மனிதர்பால் இரங்கி, ஒவ்வொரு நோய்க்கும் தாம் ஒரு மருந்து தருவதாக ஏற்றுக்கொண்டன. இக்கதையை 1880களின் இறுதியில் 'நீந்துபவர்' என்ற மருத்துவரிடமும் மற்றவர்களிடமும் கேட்டு எழுதியவர் ஜேம்ஸ் மூனி. அவர் தொகுப்பு 1900இல் வெளிவந்தது.

கைவினைகளில் கூடை முதன்மையானது. ஆற்றங்கரை மூங்கிலைப் பிளந்து, சீவி, கருவாதுமை வேரில் பழுப்பும் குருதிவேர்ச் செடியில் செம்மஞ்சளும் ஏற்றுவார்கள். இரட்டைப் பின்னலில் உட்கூடையை அடியிலிருந்து விளிம்புவரை பின்னி, அதே கீற்றுகளை மடக்கி வெளிப்புறமாகக் கீழிறக்கிப் பின்னிக்கொண்டே போவார்கள். முடிந்தபின் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கூடைகள். இணைத்த இடம் எங்கும் தெரியாது.

சட்டமும் எழுத்தும்

1738இல் பரவிய பெரியம்மை மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேரைக் கொன்றது. மான்தோல் வணிகம் அவர்களைத் துப்பாக்கிக்கும் துணிக்கும் கடனாளி ஆக்கியது. 1760–61இலும் 1776இலும் வெள்ளையர் படைகள் ஊர்களையும் சோள வயல்களையும் எரித்தன. 1794இல் போர் ஓய்ந்தபின், அமெரிக்க அரசு ஆண்களுக்கு ஏரையும் பெண்களுக்கு இராட்டையையும் கொடுத்து 'நாகரிகம்' கற்பிக்க முனைந்தது. வயல் பெண்ணின் கையிலிருந்து நழுவத் தொடங்கியது அப்போதுதான்.

நிலத்தைக் காக்க, வெள்ளையர் மதிக்கும் வடிவில் ஓர் அரசை அமைப்பதே வழி என்று தலைவர்கள் நம்பினார்கள். 1808இல் எழுத்துச் சட்டம் தந்தைவழி வாரிசுரிமையைக் காக்க வந்தது. 1817இல் முதுமையடைந்த நன்யேஹியும் பிற பெண்களும், இனி நிலத்தை விட்டுக்கொடுக்காதீர்கள் என்று மன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1827இல் நியூ எச்சோட்டாவில் எழுதிய அரசியலமைப்பு பெண்களுக்கு வாக்குரிமை தரவில்லை. ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் அது ஒதுக்கியது. செல்வர்களான செரோக்கிகள் தென்மாநில வெள்ளையரைப் போலவே அடிமைகளை வைத்திருந்தார்கள். 1835 கணக்கெடுப்பில் அடிமைகள் ஏறத்தாழ 1,600 பேர். இந்தப் பக்கத்தை மறைத்து எழுதினால் செரோக்கி வரலாறு பாதியாகிவிடும்.

இதே ஆண்டுகளில்தான் செக்குவோயாவின் அருஞ்செயலும் நடந்தது. அவர் வெள்ளி வேலை செய்பவர். எந்த மொழியிலும் படிக்கத் தெரியாதவர். வெள்ளையரின் தாளில் பேச்சு தங்குவதைக் கண்டு பல ஆண்டுகள் உழைத்தார். சொல்லுக்கு ஒரு குறி என்று முயன்று கைவிட்டபின், மெய்யும் உயிரும் சேர்ந்த ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் எழுத்து என்ற முடிவுக்கு வந்தார். முதல் மாணவி அவருடைய சிறிய மகள். 1821இல் அறிமுகமான இம்முறையில் 86 எழுத்துகள் இருந்தன, இப்போது 85. வடிவத்தில் ஆங்கில 'டி' போன்றது 'அ' என்றும், 'டபிள்யூ' போன்றது 'ல' என்றும் ஒலிக்கும். பள்ளிக்கூடம் இல்லாமலே, ஒருவர் மற்றொருவருக்குக் கற்றுக்கொடுத்து, சில ஆண்டுகளுக்குள் பெருந்தொகையினர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆனார்கள். 1828 பிப்ரவரி 21 அன்று 'செரோக்கி ஃபீனிக்ஸ்' இதழ் இருமொழியில் வெளிவந்தது.

வெளியேற்றம்

ஜார்ஜியாவில் தங்கம் கிடைத்த செய்தி 1829இல் பரவியது. 1830இல் பழங்குடியினர் வெளியேற்றச் சட்டம் நிறைவேறியது. 1832இல் 'வொர்செஸ்டர்' வழக்கில் ஜார்ஜியாவின் சட்டம் செரோக்கி நாட்டில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தும் அது நடைமுறைக்கு வரவில்லை. 1835 டிசம்பர் 29 அன்று, மக்களின் ஒப்புதல் பெறாத ஒரு சிறு குழு 50 லட்சம் டாலருக்கு நிலத்தை விட்டுக்கொடுத்து ஒப்பமிட்டது. முதன்மைத் தலைவர் ஜான் ராஸ் ஆயிரக்கணக்கானோர் கையொப்பத்துடன் எதிர்த்தும், செனட் ஒரே ஒரு வாக்கு மிகுதியில் அதை ஏற்றது.

1838 மே மாதம் தளபதி ஸ்காட்டின் படையினர் குடும்பங்களை வீடுகளிலிருந்து இழுத்து வந்து மரவேலி முகாம்களில் அடைத்தார்கள். கோடையில் அங்கே வயிற்றுக்கடுப்பும் அம்மையும் பரவின. எஞ்சியோர் இலையுதிர் காலத்திலிருந்து மறு ஆண்டு மார்ச் வரை, 13 கூட்டங்களாகப் பிரிந்து சுமார் 1,300 கிலோமீட்டர் மேற்கே போனார்கள். சிலர் பனிக்கட்டி மிதந்த மிசிசிப்பியைக் கடக்க முடியாமல் நாள்கணக்கில் கரையில் காத்துக் கிடந்தார்கள். ஏறத்தாழ 16,000 பேரில் 4,000 பேர்வரை இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அடிமைகளும் அதே பாதையில் நடத்தப்பட்டார்கள். 1839 ஜூன் 22 அன்று அந்த ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டவர்களான மேஜர் ரிட்ஜ், அவர் மகன் ஜான், ஃபீனிக்ஸ் இதழின் முன்னாள் ஆசிரியர் எலியாஸ் பூடினோ மூவரும் கொல்லப்பட்டார்கள்.

அதன் பிறகு

தாலக்குவாவைத் தலைநகராக்கி மக்கள் மீண்டும் அரசையும் பள்ளிகளையும் அமைத்தார்கள். 1851இல் பெண்களுக்கான உயர்கல்விக்கூடம் திறந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இனம் இரண்டாகப் பிளந்தது. 1866 ஒப்பந்தம் விடுதலையான அடிமைகளுக்குக் குடியுரிமை தந்தது. அவர்கள் வழியினரின் உரிமை நெடுங்காலம் மறுக்கப்பட்டு, 2017 தீர்ப்பில் உறுதியானது. பொதுநிலத்தைத் தனிநபருக்குப் பங்கிட்டு, 1907இல் ஓக்லஹோமா மாநிலம் உருவானது. 1985 முதல் 1995 வரை வில்மா மான்கில்லர் தலைமை வகித்தார். அவரே செரோக்கி தேசத்தின் முதல் பெண் முதன்மைத் தலைவர்.

கூட்டரசு ஏற்கும் செரோக்கி அரசுகள் இன்று மூன்று: ஓக்லஹோமாவில் செரோக்கி தேசமும் கிடுவா ஒன்றிய அணியும், வட கரோலினாவில் மலையை விட்டு அகலாதோரின் கிழக்கு அணியும். கிடுவா ஊரின் நிலத்தை 1996இல் கிழக்கு அணி விலை கொடுத்து மீட்டது. சரளமாகப் பேசுவோர் சுமார் 2,000 பேராகக் குறைந்ததால், 2019இல் மூன்று அரசுகளும் மொழிக்கு அவசரநிலை அறிவித்து, குழந்தைகளைச் செரோக்கியிலேயே பயிற்றும் பள்ளிகளுக்கு ஊக்கம் தந்தன.

செரோக்கி தேசத்தின் குடியுரிமை இப்போது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த பெயர்ப் பட்டியலை வைத்து, தாய் வழியாகவோ தந்தை வழியாகவோ கிடைக்கும். குலம் மட்டும் இன்னமும் தாயிடமிருந்தே வருகிறது. ஓக்லஹோமாவின் சடங்குத் திடல்களில் குலங்களுக்கெனப் பந்தல்கள் நெருப்பைச் சுற்றி நிற்கின்றன. இரவு ஆட்டத்தில் ஆண்கள் பாட, ஆமையோட்டுச் சலங்கை கட்டிய பெண்கள் காலடியால் தாளம் தருகிறார்கள். சலங்கைக்காரி இல்லாமல் ஆட்டம் தொடங்குவதில்லை.