வந்த நாளும் பிறந்த நாளும்

சில மாதங்களுக்கு முன் பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர்களோடு உட்கார்ந்து உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பிக்கொண்டிருந்தோம். ஒரு மாணவி மட்டும் தாளைக் கவிழ்த்து வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டோம். "நான் ஹோம்ல வளந்தவக்கா. சாதின்னு போட்டிருக்கிற எடத்துல என்னத்த எழுத?" என்றாள். பக்கத்தில் இருந்த தோழர் உற்சாகமாகிவிட்டார். "கொடுத்து வச்சவம்மா நீ. சாதியே இல்லாம வளந்திருக்க!" அவள் சிரிக்கவில்லை. "சாதி இல்லன்னு நான் சொல்லலியே. எனக்குத் தெரியலன்னுதான சொல்லுதேன்" என்றாள்.

இல்லை என்பது வேறு, தெரியவில்லை என்பது வேறு. சாதி ஒழிப்பு பேசுகிற நாமே இந்த வித்தியாசத்தைக் கவனிக்கத் தவறுகிறோம். ஆனால் நம் மாவட்டத்தில் இதற்கு நூறாண்டுக்கும் மேலான வரலாறு உண்டு.

பெருங்குளத்திலிருந்து டோனாவூருக்கு

1901 மார்ச் 6. தாமிரபரணியின் கடைமடைப் பக்கம், பெருங்குளத்தில் கோயில் பெண்களிடம் விடப்பட்டிருந்த பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி தப்பி ஓடிவந்தாள். முன்பும் ஒருமுறை அவள் தூத்துக்குடியில் இருந்த தாயிடம் ஓடியிருக்கிறாள். தாய் திருப்பி ஒப்படைத்துவிட்டார். தண்டனையாகக் கையில் சூடு போட்டார்கள். இந்த முறை அவள் வந்து சேர்ந்தது பக்கத்துப் பண்ணைவிளையில் தங்கியிருந்த ஏமி கார்மைக்கேலிடம். வட அயர்லாந்தில் பிறந்து 1895இல் இந்தியா வந்த மிஷனரி அவர்.

பிரீனாவுக்குப் பின் பல குழந்தைகள் வந்தார்கள். களக்காட்டுக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் டோனாவூர் அவர்களின் வீடானது. அந்த ஊரே பெயர் மாறிய ஊர்தான். புலியூர்க்குறிச்சியாக இருந்தது, ரேனியஸ் ஐயர் காலத்தில் கோயில் கட்டப் பணம் கொடுத்த பிரஷ்யப் பிரபு டோனாவின் பெயரைப் பெற்றது.

அங்கே உருவானது புதிய உறவுமுறை. கார்மைக்கேல் எல்லோருக்கும் அம்மா. வெளிநாட்டுப் பெண் ஊழியர்கள் சித்தி, ஆண்கள் அண்ணாச்சி, நம் ஊர்ப் பெண் ஊழியர்கள் அக்காள். வெள்ளைக்காரர்களும் நம் உடைதான் உடுத்தினார்கள். பந்தியில் சாதி பார்க்கவில்லை. அந்தக் காலத் திருநெல்வேலியில் கிறிஸ்தவ சபைகளுக்குள்ளேயே சாதி கொடிகட்டிப் பறந்ததை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். பிறந்த நாளுக்குப் பதிலாக, அந்த வீட்டுக்கு 'வந்த நாள்' கொண்டாடப்பட்டது. குழந்தையின் கதை அந்த நாளில் தொடங்கியது.

1911இல் முத்தம்மாள் என்ற சிறுமியைக் குடும்பத்தாரிடம் திருப்பி ஒப்படைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒப்படைப்பதற்குள் அவள் மறைந்துபோனாள். ஆண்பிள்ளை வேடமிட்டு, இலங்கை வழியாகச் சீனாவுக்கு அனுப்பப்பட்டாள். ஆண்டுகள் கழித்தே இந்தியா திரும்பினாள். குழந்தை யாருக்குச் சொந்தம் என்று குடும்பம், நீதிமன்றம், மிஷன் மூன்றும் மோதிக்கொண்டன.

சிறுமிகளைப் பொட்டுக்கட்டும் வழக்கம் கொடுமை. அதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் வந்தது. அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே ஓடிவந்த பிரீனாவுக்குக் கதவைத் திறந்த கையை நாம் மதிக்கிறோம். ஆனால் ஒன்றையும் கவனிக்கிறோம். அந்தக் குழந்தைகளைப் பற்றி நூல்கள் இருக்கின்றன, 1909இல் வந்த நூலில் அழகான புகைப்படங்களும் இருக்கின்றன. அவர்களைப் பெற்றவர்களோ அந்த நூல்களில் கார்மைக்கேலின் சொற்கள் வழியாகத்தான் பேசுகிறார்கள்.

நிறம் பார்க்காத அன்பு

இதே கேள்வியைப் பிற்காலத்தில் உலகம் முழுக்கக் கேட்டவர்கள், அமெரிக்க வெள்ளையர் வீடுகளில் வளர்ந்த ஆசியக் குழந்தைகள். 1953இல் கொரியப் போர் ஓய்ந்தது. 1955இல் ஓரிகன் மாநிலத்து ஹோல்ட் தம்பதி எட்டுக் கொரியக் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். அது பெரிய அலையானது. இதுவரை சுமார் 2 லட்சம் கொரியக் குழந்தைகள் வெளிநாடுகளுக்குப் போயிருக்கிறார்கள்.

"எங்களுக்கு நிறமெல்லாம் கிடையாது, நீ எங்கள் பிள்ளை" என்று வளர்த்தார்கள். அந்த அன்பு பொய்யில்லை. ஆனால் பள்ளிக்கூடமும் தெருவும் நிறம் பார்த்தன. வீட்டுக்குள் வெள்ளையராகவும் வெளியே ஆசியராகவும் வாழ்ந்து, கொரியா திரும்பினால் மொழி தெரியாத அந்நியராகவும் நின்றார்கள். வளர்ந்து ஆவணங்களைத் தேடியபோது, பெற்றோர் உயிரோடு இருந்தும் 'அநாதை' என்று எழுதப்பட்டிருந்ததைப் பலர் கண்டார்கள். அவர்களின் விடாத போராட்டத்தால், அரசின் பொறுப்பின்மையால் மனித உரிமை மீறல்கள் நடந்தன என்று தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில் ஒப்புக்கொண்டது.

இங்கும் இது நடந்தது. வெளிநாட்டுத் தத்தெடுப்பை நெறிப்படுத்த 1984இல் லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் விதிகள் வகுத்தது. அதன் பிறகும், சென்னையில் ஏழைக் குடும்பங்களிலிருந்து திருடப்பட்ட குழந்தைகள் தத்து என்ற பெயரில் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டது 2005இல் அம்பலமானது. தத்தெடுத்தவர்கள் குழந்தைக்கு யாருமில்லை என்று நம்பினார்கள். பெற்றவர்களோ இங்கே காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்தார்கள். ஏழையின் குழந்தையை 'யாருமற்றது' என்று எழுத ஒரு பேனா போதும்.

யாரு வீட்டுப் பிள்ளை?

நம் ஊரில் நிறத்தின் இடத்தில் சாதி நிற்கிறது. பழைய இந்து மரபுச் சட்டப்படி, சொந்த வருணத்துக்குள் ஆண் பிள்ளையைத்தான் தத்தெடுக்க முடியும். 1956இன் சட்டம்தான் அந்தச் சாதி வேலியை எடுத்து, பெண் குழந்தைகளையும் தத்தெடுக்க வழிவிட்டது.

சட்டம் எடுத்த வேலி தெருவில் அப்படியே இருக்கிறது. "யாரு வீட்டுப் பிள்ள?" என்ற கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று நமக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் வீட்டுக்குள் புகுந்து, அவனையும் தங்கையையும் உடன்படித்த மாணவர்களே வெட்டினார்கள். அதன் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் சாதிக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. டோனாவூரும் அதே வட்டாரம்தான். கயிற்றின் நிறம் பார்த்துத் தோழமை கொள்ளும் ஊரில், எந்தக் கயிறும் இல்லாத கை சுதந்திரமான கையாகப் பார்க்கப்படுவதில்லை. சந்தேகத்துக்குரிய கையாகவே பார்க்கப்படுகிறது.

அண்ணல் அம்பேத்கர் தாம் எதில் பிறந்தோம் என்பதை அறிந்து, 1935இல் இயோலாவில் அறிவித்து, 1956இல் லட்சக்கணக்கானோர் முன்னிலையில் துறந்தார். தெரிந்து துறப்பது விடுதலை. தெரியாமல் மறைக்கப்படுவது இழப்பு. இரண்டையும் 'சாதியற்றவர்' என்ற ஒரே சொல்லால் அழைத்து, அந்த மாணவியை வாழ்த்துவது சரியல்ல.

வேரைத் தேடச் சொன்னால் சாதியைத் தேடச் சொல்வதாகாதா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அம்மா எங்கே, ஏன் விட்டாள், பசியா, பயமா, பறித்தார்களா என்று கேட்கும் பிள்ளை கேட்பது சாதியை அல்ல. அந்தப் பதிலில் சாதியும் ஒட்டிக்கொண்டு வரலாம். வந்தால் அதை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை அவளுடையது. அதேபோல், ஊருக்குப் பயந்து குழந்தையை ஒப்படைத்த தாய்க்கும் மறைவாக இருக்கும் உரிமை உண்டு. இந்த இரண்டு உரிமைகளும் சில நேரம் மோதும். அந்தத் தாய்க்குப் பயம் காட்டியதும் பெரும்பாலும் சாதிதான் என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே தோழர்களே, இல்லங்களில் வளர்ந்த நண்பர்கள் இருந்தால் இதைச் சொல்லுங்கள். பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, ஆதரவின்றி அரசு அல்லது அரசு அங்கீகரித்த இல்லத்தில் வளர்ந்தவர்கள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். தத்துக் கொடுக்கப்பட்டவர்கள் 18 வயதுக்குப் பின் தங்கள் வேரைத் தேடித் தாமே விண்ணப்பிக்க 2022இன் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் இடம் தருகின்றன. பெற்றவர் தாமே ஒப்படைத்திருந்தால் அவர் சம்மதமும் தேவைப்படலாம்.

அந்த மாணவி விண்ணப்பத்தை நிரப்பிவிட்டாள். பிறகு இன்னொரு வெள்ளைத் தாள் கேட்டாள். தன்னை இல்லத்தில் சேர்த்த நாளின் பதிவேட்டுப் பக்கத்தின் நகல் வேண்டும் என்று எழுதினாள். வந்த நாள் அவளுக்குத் தெரியும். அதற்கு முந்தைய நாளைத்தான் கேட்கிறாள்.

ஜெய் பீம்.